கேனும் கேள்வியும்: ஆர்கானிக் பாலுக்கு யார் சாட்சி?

தாராபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு முப்பத்தோரு வருஷம் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது வீட்டில் மூன்று கலப்பின மாடு, ஒரு காங்கேயம் மயிலை (சாம்பல் நிற நாட்டுப் பசு). சென்ற இதழில் போகிற போக்கில் ஆர்கானிக் பாலைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டேன். கட்டுக் கட்டாகக் கடிதம் வந்திருக்கிறது. இந்த மாதம் அதற்கே பதில்.

எங்கள் அபார்ட்மென்ட்டில் எல்லோரும் ஆப்பில்தான் பால் வாங்குகிறார்கள். ஒரு பாட்டிலில் ‘ஆர்கானிக்’, இன்னொன்றில் ‘ஏ2 நாட்டு மாட்டுப் பால்’, மூன்றாவதில் ‘பண்ணை ஃபிரெஷ்’. மூன்றும் ஒன்றுதானா? விலை மட்டும் ஆவினைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு!
– ஒரு வாசகி, வேளச்சேரி

மூன்றும் மூன்று விஷயம் அம்மா. ஆர்கானிக் என்றால் மாடு என்ன தின்றது, அந்தத் தீவனம் எந்த மண்ணில் விளைந்தது, நோய் வந்தபோது என்ன மருந்து கொடுத்தார்கள் என்ற கணக்கு. ஏ2 என்பது மாட்டின் பிறப்பு. பாலில் பீட்டா கேசின் என்று ஒரு புரதம் உண்டு. அதில் 67-வது இடத்தில் ஹிஸ்டிடின் இருந்தால் ஏ1, புரோலின் இருந்தால் ஏ2. அவ்வளவுதான் வித்தியாசம். நம் நாட்டு மாடுகளில் பெரும்பாலானவை ஏ2. எருமைப் பாலும் ஏ2தான், ஆனால் அதைச் சொல்லி எருமைப் பாலை யாரும் பெரிதாகக் கண்ணாடி பாட்டிலில் விற்பதில்லை. ‘பண்ணை ஃபிரெஷ்’ விளம்பரக்காரர் எழுதிய கவிதை.

ஏ2 மாடு யூரியா போட்டு வளர்த்த புல்லைத் தின்னலாம், ஜெர்சி கலப்பு மாடு சுத்தமான ஆர்கானிக் பால் கறக்கலாம். இந்த இரண்டையும் கலந்து குழப்புவதில்தான் வியாபாரம் நடக்கிறது. 2024 ஆகஸ்ட் 21 அன்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் பால் பாக்கெட்டில் ஏ1, ஏ2 என்று போடாதீர்கள், நீக்குங்கள் என்றது. ஐந்தே நாளில், 26-ஆம் தேதி, அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2009-லேயே ஆராய்ந்து பார்த்து, ஏ1 பாலுக்கும் நோய்களுக்கும் காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று சொல்லிவிட்டது. ஆக, ஏ2 என்ற எழுத்துக்காக மூன்று மடங்கு கொடுக்க வேண்டுமா என்று என்னைக் கேட்டால், வேண்டாம் என்பேன்.

ஆர்கானிக்குக்குக் கொடுக்கலாம், ஆனால் முத்திரையைப் பாருங்கள். 2017-ல் வந்த விதிப்படி ஆர்கானிக் என்று விற்கும் பாக்கெட்டில் ‘ஜைவிக் பாரத்’ முத்திரை இருக்க வேண்டும். அதற்குப் பின்னால் இரண்டில் ஒரு சான்று இருக்கும். ஒன்று வெளியாள் வந்து தணிக்கை செய்யும் என்.பி.ஓ.பி. மற்றது பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் சோதித்துக்கொள்ளும் பி.ஜி.எஸ். ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய்க்குள் விற்கும் சிறு விவசாயி தானே நேரடியாக உங்களிடம் விற்றால் சான்று கட்டாயமில்லை. ஆனால் அவர் அந்த முத்திரையைப் போடவும் கூடாது. அவரிடம் வாங்குவதானால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் மாட்டுக் கொட்டகையைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

எங்கள் ஊர்ப் பால்காரர், “கெமிக்கல் இல்லாத பால்ங்க, காய்ச்சாமலே குடிக்கலாம்” என்கிறாரே?
– ஒரு வாசகர், ஓசூர்

காய்ச்சுங்கள். காசநோயும் கருச்சிதைவு நோயும் (புரூசெல்லா) ஆர்கானிக் மாட்டுக்கும் வரும்.

ஆர்கானிக் பாலைச் சோதனைக் கூடத்தில் கண்டுபிடிக்க முடியுமா? லாக்டோமீட்டரில் தெரியுமா? அதில் சத்தும் அதிகமா?
– உணவுத் தொழில்நுட்ப மாணவர், நாமக்கல்

லாக்டோமீட்டர் பாலின் அடர்த்தியைக் காட்டும், தம்பி. தண்ணீர் கலந்திருந்தால் மாட்டும். மாடு தின்ற சோளத்தட்டு யார் காட்டில் விளைந்தது என்று அதற்கு எப்படித் தெரியும்? பாலில் பூச்சிமருந்து எச்சம், ஆன்டிபயாடிக் எச்சம் இருக்கிறதா என்று கூடத்தில் பார்க்கலாம். ஆனால் எச்சம் இல்லாத பால் எல்லாம் ஆர்கானிக் ஆகிவிடாது. இந்தச் சந்தையில் விற்பனையாவது பாதி பால், பாதி நோட்டுப் புத்தகம். எந்தத் தேதியில் என்ன தீவனம், எங்கே வாங்கியது, எந்த மாட்டுக்கு என்ன வைத்தியம் என்று எழுதிய நோட்டு. நோட்டு பொய் என்றால் பாலும் பொய்.

சத்து விஷயத்தையும் கேட்டிருக்கிறீர்கள். 2016-ல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகக் குழு உலகெங்கும் வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஆர்கானிக் பாலில் ஒமேகா-3 கொழுப்பு சுமார் 50 சதவீதம் கூடுதல், அயோடின் குறைவு என்று கண்டது. மாடு வெளியே போய்ப் பசும்புல் மேய்வதுதான் அந்தக் கொழுப்புக்கு முக்கியக் காரணம். கொட்டகையில் கட்டிவைத்து ஆர்கானிக் தவிடும் பிண்ணாக்கும் போட்டால் அதே பலன் வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

உங்களைப் போன்ற பிள்ளைகள் உண்மையில் கவனிக்க வேண்டியது வேறு. 2018-ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை உணவுப் பாதுகாப்பு ஆணையம் எடுத்துச் சோதித்தது. எல்லோரும் பயந்த கலப்படம் வெறும் 12 மாதிரியில்தான். ஆனால் அஃப்லாடாக்சின் எம்1 என்ற பூஞ்சை நச்சு 368 மாதிரிகளில் வரம்பைத் தாண்டியிருந்தது. தமிழ்நாட்டில் எடுத்த 551-ல் 88! அதிக எண்ணிக்கை நம் மாநிலத்தில்தான். மழையில் நனைந்து பூசணம் பூத்த கடலைப் பிண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் இவற்றிலிருந்து பாலுக்கு வருவது அது. காய்ச்சினாலும் போகாது. ஆர்கானிக் பிண்ணாக்கிலும் பூஞ்சை பிடிக்கும், அதற்குச் சான்றிதழ் படிக்கத் தெரியாது. தீவன மூட்டையைத் தரையில் போடாமல் பலகை மேல் அடுக்குகிறாரா என்று கேட்டுவிட்டுப் பால் வாங்குங்கள் என்று நான் சொன்னால் என் மருமகள்கூடச் சிரிக்கிறாள்.

ஆறு கறவை மாடு வைத்திருக்கிறேன். ஒரு கம்பெனிக்காரர் வந்து, ஆர்கானிக்குக்கு மாறினால் லிட்டருக்கு 50 ரூபாய் தருகிறோம் என்கிறார். மாறலாமா? மாட்டுக்கு மடிநோய் வந்தால் ஊசியே போடக்கூடாதாமே?
– ஒரு விவசாயி, மூலனூர்

நம்ம பக்கத்துக்காரர் கேட்டிருக்கிறீர்கள், அதனால் என் கதையையே சொல்கிறேனுங்க.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கும் இந்த ஆசை வந்தது. எங்கள் ஊருக்கு ஒரு தனியார் கம்பெனி வந்தது. நாற்பது வீடு கையெழுத்துப் போட்டோம். சங்கத்தை விட்டுப் போகாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் முப்பது வருஷம் சொன்னவன், முதல் ஆளாகப் போய் நின்றேன். கடைத் தீவனத்தை நிறுத்தினேன். மசால், அகத்தி, கோ-5 புல் எல்லாம் உரம் போடாமல் விளைவித்தேன். ஒரு மாட்டுக்கு 11 லிட்டர் கறந்தது 8-க்கு இறங்கியது. புல் குறைச்சல், அடர் தீவனமும் குறைச்சல், வேறென்ன ஆகும்?

இப்போது கணக்குப் போடுங்கள். 2023 டிசம்பரில் அரசு 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்தபோது சங்கத்தில் பசும்பாலுக்கு 35-ம் 3-ம் 38 ரூபாய். கணக்குக்கு அதையே வைப்போம். 11 லிட்டருக்கு 418 ரூபாய். ஆர்கானிக்கில் 8 லிட்டர், 50 ரூபாய் வீதம் 400. பார்க்க லிட்டருக்கு 12 ரூபாய் கூடுதல், கையில் மாட்டுக்கு நாளைக்கு 18 ரூபாய் குறைச்சல். தீவனச் செலவு கொஞ்சம் குறைந்தாலும், ஆர்கானிக் பிண்ணாக்கு வாங்கப் போனால் அந்த மிச்சமும் போகும். லிட்டருக்கு 53 ரூபாயாவது கொடுத்தால்தான் பேச்சே ஆரம்பிக்கலாம். இதில் இன்னொரு இடி இருக்கிறது. நிலம் ரசாயனத்திலிருந்து மாற, பயிரைப் பொறுத்து இரண்டு மூன்று வருஷம் ஆகும். அதுவரை சான்று கிடையாது. விலை பழைய விலை, கறவை மட்டும் புதிய கறவை. 8 லிட்டர் 38 ரூபாய் என்றால் 304. மாட்டுக்கு நாளொன்றுக்கு 114 ரூபாய் நம் கையை விட்டுப் போகிறது. அந்த வருஷங்களுக்கு யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

எங்களுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. பதினான்கு மாதம் வண்டி வந்தது. ஒரு வியாழக்கிழமை டிரைவர், “திங்கட்கிழமையிலிருந்து வர மாட்டோமுங்க, ரூட்டை மாத்திட்டாங்க” என்றான். அவ்வளவுதான். நான் முப்பது வருஷம் பிடித்த அதே லாக்டோமீட்டர் முன்னால், கேனைத் தூக்கிக்கொண்டு வரிசையில் போய் நின்றேன். என்னிடம் வேலை கற்ற பெண்தான் இப்போது செயலாளர். ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. அதுதான் அதிகம் உறுத்தியது.

அதற்காக எல்லாக் கம்பெனியும் அப்படி என்று சொல்ல மாட்டேன். கர்நாடகத்தில் திப்டூரில் 2010-ல் தொடங்கிய அக்ஷயகல்பாவின் பால் இன்று சென்னை வரை வருகிறது. உங்களைப் பொறுத்தவரை கேள்வி ஒன்றுதான். வண்டி நின்றால் பாலை எங்கே ஊற்றுவீர்கள்? ஆறில் இரண்டு மாட்டுப் பாலையாவது சங்கத்துக்கு ஊற்றி உறுப்பினர் எண்ணை உயிரோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஊசி விஷயம். நம் நாட்டு விதி சிகிச்சையைத் தடுப்பதில்லை, மாட்டை வலியில் வைத்திருக்கச் சொல்லவில்லை. ஐரோப்பாவில் ஆன்டிபயாடிக் போட்டால் வழக்கமாகப் பாலை ஒதுக்கும் நாட்களைப் போல இரண்டு மடங்கு ஒதுக்க வேண்டும். அமெரிக்காவில்தான் ஒரு ஊசி போட்டாலும் அந்த மாடு ஆர்கானிக் மந்தையை விட்டே வெளியே போக வேண்டும். மடிநோய் ஆரம்பத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய வைத்தியம் இருக்கிறது: கால் கிலோ சோற்றுக்கற்றாழை, 50 கிராம் மஞ்சள்தூள், கொஞ்சம் சுண்ணாம்பு, அரைத்து மடியில் பூச்சு. எனக்கு மூன்று முறை கேட்டது, நான்காம் முறை கேட்கவில்லை, டாக்டரைக் கூப்பிட்டேன்.

கடைசியாக ஒன்று. உங்களிடம் கொரங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காடு, இருக்கிறதா? கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், நடுவே வெள்வேல மரம். நம் தாத்தா காலத்துக் கொரங்காட்டில் யார் உரம் போட்டார்கள்? மற்றவன் காசு செலவழித்து உருவாக்குவது நமக்கு வேலிக்குள் கிடக்கிறது. அதை விற்காமல் வைத்திருந்தால் ஆர்கானிக் கணக்கில் பாதி தூரம் தாண்டிவிட்டீர்கள்.

இங்கே ஆர்கானிக் பால் பாக்கெட்டில் ஒரு மாதத்துக்கு அப்பால் தேதி போட்டிருக்கிறது. இயற்கைப் பால் எப்படி இத்தனை நாள் கெடாமல் இருக்கும்?
– ஒரு வாசகி, நியூ ஜெர்சி

சூடுதான் காரணம். ஏறக்குறைய 138 டிகிரி செல்சியஸில் இரண்டு விநாடி காட்டி எடுக்கிறார்கள். ஆர்கானிக் பண்ணைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருப்பதால் பால் வெகுதூரம் பயணம் போகவும், அலமாரியில் காத்திருக்கவும் வேண்டியிருக்கிறது. மூலனூர்க்காரருக்குச் சொன்ன கதை உங்கள் ஊரிலும் நடந்தது. ஹொரைசன் ஆர்கானிக் என்ற பால் கம்பெனி 2021 ஆகஸ்டில் வெர்மான்ட், மெய்ன், நியூயார்க் பக்கத்தில் 89 பண்ணைகளின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று அறிவித்தது. அவற்றில் பல பண்ணைகளுக்குக் கைகொடுத்தது ‘ஆர்கானிக் வேலி’ (Organic Valley), அது விவசாயிகளின் கூட்டுறவு. கூட்டுறவுக்காரன் என்பதால் இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம்.

‘ஆர்கானிக் நாட்டு மாட்டு நெய்’ கிலோ 900 ரூபாய்க்குக் கிடைக்கிறது. நம்பலாமா?
– ஒரு வாசகர், திருச்சி

4 சதவீதக் கொழுப்புள்ள பால் 25 லிட்டர் இருந்தால் ஒரு கிலோ நெய். எங்கள் மயிலை கன்றுக்கு விட்டது போக நாளைக்கு இரண்டரை லிட்டர் தருவாள். பத்து நாள் பால் ஒரு கிலோ நெய்யாகிறது. பாலை லிட்டர் 80 ரூபாய் என்று வைத்தாலே 2,000 ரூபாய். கடைந்த கைக்கு, விறகுக்கு, பாட்டிலுக்கு இன்னும் வைக்கவில்லை. மீதி 1,100 ரூபாயை அவர் எங்கிருந்து போடுகிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

எல்லோருக்கும் சொல்கிறீர்களே, உங்கள் வீட்டில் என்ன பால்?
– பெயர் போடாத ஒருவர், கோவை

நல்ல கேள்வி. கலப்பினம் மூன்றும் கறக்கும் பால் காலையும் மாலையும் சங்கத்துக்கு. வீட்டுக்கு மயிலை பால். ஆனால் அவள் இப்போது சினையாகி வற்றிவிட்டாள், அதனால் இரண்டு மாதமாகக் கடையில் ஆவின் நீல பாக்கெட். காபியில் ருசி மாறிவிட்டது என்கிறாள் பேத்தி. எனக்கொன்றும் தெரியவில்லை, சர்க்கரைதான் ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொள்கிறேன்.