வீட்டில் தைத்ததும் பின்னியதும் நம்ம ஊர் வெக்கைக்கு ஒத்துவருமா?

வீட்டிலேயே தைத்த உடுப்பையும் கையால் பின்னியதையும் கன்னியாகுமரி மாவட்டம் போன்ற வெக்கையும் மழையும் உள்ள ஊரில் தினமும் உடுத்த முடியுமா, வேலைக்கும் வாசிப்புக்கும் நடுவே இதற்கு நேரம் எப்படிக் கிடைக்கும், இந்தக் கோடைக்கு என்ன திட்டம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக உடுத்தலாம். நான் தக்கலைப் பக்கம் இருக்கிறேன். ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை. வீட்டில் நான் உடுத்துவது ஏறக்குறைய எல்லாமே என் கால்மிதி மெஷினில் தைத்தவைதான். வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் குர்தாக்களிலும் பாதிக்கு மேல் அப்படியே. இந்தப் பழக்கம் நின்றுபோகாமல் இருப்பதற்குக் காரணம், விசேஷத்துக்கான உடுப்பில் நான் கை வைக்காததுதான் என்று நினைக்கிறேன். நைட்டி, உள்பாவாடை, மகளுக்கு ஷிம்மீஸ், தலையணை உறை என்று நித்தமும் துவைத்துக் காயப்போடுகிற சாமான்களில்தான் தொடங்கினேன். பட்டுப் பாவாடை தைத்தால் பொங்கலுக்கு ஒரு தடவை, கல்யாணத்துக்கு ஒரு தடவை உடுத்திவிட்டு பீரோவில் வைத்துவிடுவோம். நைட்டி தைத்தால் அன்றைக்கு ராத்திரியே போட்டுக்கொள்ளலாம். கக்கத்தில் பிடிக்கிறதா, கழுத்து இறங்குகிறதா என்பது ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். அடுத்ததை அதற்கேற்ப வெட்டலாம். கை தேறுவது அப்படித்தான்.

துணி விஷயத்தில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம்ம மாவட்டத்துக்கு ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கும் உண்டு. நடுவில் சித்திரை, வைகாசியில் சாயங்காலம் இடியோடு வரும் கோடைமழை வேறு. வெயில் கடுமையாக இருக்கும் நாளிலும் காற்றில் ஈரம் நிற்கும். அதனால் துணி எடுக்கும்போது, உடுத்தினால் குளுமையாக இருக்குமா என்று பார்ப்பதோடு சீக்கிரம் காயுமா என்றும் பார்க்க வேண்டும். கெட்டியான பருத்தி நல்ல துணிதான். ஆனால் ஆடி மாதத்தில் கொடியில் கிடந்து முடைநாற்றம் பிடித்துவிடும். பாலியெஸ்டர் உடனே காயும், வியர்வையை வாங்காது. மெல்லிய வாயில் (voile) துணி, மல் துணி, கைத்தறிப் பருத்தி மூன்றும்தான் எனக்கு வருஷம் முழுக்க ஒத்துவருகின்றன.

இதில் என் மனசுக்குப் பிடித்தது இரணியல் கைத்தறித் துவர்த்துத் துணி. குளித்துத் துவட்டுகிற அதே துவர்த்துதான். இழை நெருக்கமில்லாமல் நெய்திருப்பதால் தண்ணீரை உடனே குடிக்கும், காற்றில் உடனே காயும், துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும். அந்தத் துணியில் மகளுக்குக் கையில்லாத ஃபிராக் தைத்துக் கொடுத்தேன். கோடை முழுக்க அதைத்தான் மாற்றி மாற்றிப் போடுகிறாள். ஒன்று கவனிக்க வேண்டும். இழை தளர்ச்சி என்பதால் வெட்டின ஓரம் பிசிறு விடும். சாதாரணத் தையல் போட்டால் நாலு துவைப்பில் பிரிந்து வந்துவிடும். அதனால் பிரெஞ்ச் தையல் போடுங்கள். துணியின் நல்ல பக்கம் வெளியே தெரியும்படி இரண்டு துண்டையும் சேர்த்து வைத்து ஓரத்தை ஒட்டி ஒரு தையல். பிசிறை ஒட்ட நறுக்கிவிட்டு, உள்பக்கமாகத் திருப்பி, அந்த ஓரம் உள்ளே அடங்கும்படி இன்னொரு தையல். ஓவர்லாக் மெஷின் இல்லாமலே உள்பக்கமும் சுத்தமாக இருக்கும், பிள்ளைகளுக்கு உறுத்தாது. கழுத்துக்கும் கக்கத்துக்கும் குறுக்குவாட்டில் வெட்டிய கிராஸ் பீஸ் வைத்தால் வளைவில் சுருக்கம் விழாது. எந்தப் பருத்தியானாலும் வெட்டுவதற்கு முன் ஒரு ராத்திரி தண்ணீரில் போட்டு, காயவைத்து, தேய்த்துக்கொள்ளுங்கள். கைத்தறித் துணி மீட்டருக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர்கூடச் சுருங்கும்.

பணம் மிச்சமாகுமா என்று எல்லோரும் கேட்பார்கள். பெரிதாக ஆகாது. நைட்டிக்கு மூன்று மீட்டர் துணி, நூல், லேஸ் என்று கூட்டிப் பார்த்தால் கடையில் தொங்குகிற ரெடிமேட் விலையை ஒட்டித்தான் வரும். ஆனால் என் நைட்டியில் வலது பக்கம் ஆழமாக ஒரு பை இருக்கும். சாவி, போன், பத்து ரூபாய் சில்லறை எல்லாம் அதற்குள் அடங்கும். எனக்கு உயரம் அதிகம், கடை நைட்டி கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடும். நான் தைப்பது தரை தொடாமல், கால் தெரியாமல், சரியான இடத்தில் நிற்கும். மகளின் பாவாடைகளில் ஓரம் மூன்று அங்குலம் மடித்துத்தான் தைப்பேன். வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவிடலாம். நமக்கென்று தைத்த உடுப்பின் சுகம் இதெல்லாம்தான்.

இன்னொரு விஷயமும் என் மனசில் உண்டு. இந்த மண்ணில் தைத்த மேலாடை என்பது சும்மா கிடைத்ததில்லை. திருவிதாங்கூர் ஆட்சியில் நாடார் உள்ளிட்ட பல சமூகத்துப் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தக் கூடாது என்று தடை இருந்தது. தோள்சீலைப் போராட்டம் தலைமுறை தாண்டி நடந்தது. குப்பாயம் என்ற தைத்த மேல்சட்டை போட்ட பெண்களைச் சந்தையில் மறித்து, போட்டிருந்ததைக் கிழித்திருக்கிறார்கள். 1859 ஜூலை 26 அன்று வந்த அரசுப் பிரகடனம்கூட, மார்பை மறைக்கலாம் என்று சொல்லிவிட்டு, மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்றும் சேர்த்தே சொன்னது. ஜாக்கெட்டுக்குக் கை வெட்டும்போது எனக்கு இது அடிக்கடி நினைவுக்கு வரும். என் அளவில், எனக்குப் பிடித்த கழுத்தில், எனக்கு வேண்டியதை நானே தைத்து உடுத்திக்கொண்டு சந்தைக்குப் போகிறேன் என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

பின்னலுக்கும் நம்ம ஊரில் நீண்ட கதை உண்டு. 1819-இல் கணவர் சார்லஸ் மால்ட்டோடு நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் என்ற மிஷனரிப் பெண், அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி லேஸ் பின்னவும் சொல்லிக்கொடுத்தார். அந்த லேஸ் விற்ற காசு பள்ளிக்கே உதவியது, எத்தனையோ பெண்களுக்குச் சொந்த வருமானமும் ஆனது. என் பெரியம்மா சின்ன வயதில் ஒரு கான்வென்டில்தான் லேஸ் கற்றார். உருண்டைத் தலையணை மேல் மாதிரிக் காகிதத்தை வைத்துக் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சின்னச் சின்னக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிற லேஸ் அது. எனக்கு முதலில் குரோஷே ஊசியை, அதாவது நுனியில் கொக்கி உள்ள பின்னல் ஊசியை, கையில் தந்தவரும் அவர்தான். "கண்ணி எண்ணாம கைய ஓட்டாத மக்களே" என்பார். அந்தச் சொல்லை இன்றைக்கும் மகளிடம் நான் சொல்கிறேன்.

சரி, பின்னியதை இங்கே உடுத்த முடியுமா? உல்லன் நூல் என்று கடையில் கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக் நூல்தான் எடுத்துத் தருவார்கள். வண்ணம் அழகாக இருக்கும், கைபழக நல்லது, ஆனால் வியர்வையை வாங்காது. இங்கே உடம்பில் போட ஏற்றது பருத்தி நூல். பருத்திக்கு உல்லன் மாதிரி இழுத்தால் திரும்பச் சுருங்கும் குணம் கிடையாது, எடையும் கூடுதல். தடித்த பருத்தி நூலில் பெரிய மேல்சட்டை பின்னினால் துவைக்கத் துவைக்க நீளத்தில் தொங்கும். ஆகவே மெல்லிய நூல், துளைத்துளையான மாதிரி, இரண்டு பக்கமும் தையல் போட்டு இணைக்கிற அமைப்பு என்று எடுத்துக்கொண்டால் நிற்கும். குர்தாவுக்கு மேல் போட்டுக்கொள்ள எனக்கு அப்படி ஒரு குட்டி மேலாடை இருக்கிறது. பஸ்ஸில் ஜன்னல் காற்றுக்கும், அலுவலக ஏசிக்கும் அதுவே போதும். கொடியில் தொங்கவிடாமல், துண்டு விரித்து அதன் மேல் கிடத்திக் காயவைப்பேன். வைக்கும்போதும் மடித்துத்தான் வைக்க வேண்டும், ஹேங்கரில் மாட்டக் கூடாது.

முதலில் ஒரு மாதிரித் துண்டு பின்னிப் பாருங்கள். அவசரத்தில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான். கையகலத்துக்குப் பின்னி, துவைத்து, காயவைத்து, பிறகு 10 சென்டிமீட்டரில் எத்தனை கண்ணி என்று எண்ண வேண்டும். 20 கண்ணி வந்தால் 80 சென்டிமீட்டர் சுற்றளவுக்கு 160 கண்ணி. அதே 160 கண்ணியை 22 வருகிற இறுக்கமான கையால் போட்டால் 73 சென்டிமீட்டர்கூட வராது, உடம்பில் இறுக்கிப் பிடிக்கும். பாதி வேலை முடிந்த பிறகு இதைக் கண்டுபிடித்துப் பிரிப்பதைவிட, ஒரு சாயங்காலத்தை மாதிரிக்கு ஒதுக்கலாம். ஊசியில் மூங்கில் ஊசி எனக்குப் பிடிக்கும். வியர்த்த கையில் உலோக ஊசி வழுக்கும். நீளமான இரண்டு ஊசிக்குப் பதிலாக வட்ட ஊசி வாங்கினால் பின்னல் மடியிலேயே கிடக்கும், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரை இடிக்காது.

நேரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். தையலுக்கு மேசையும் வெளிச்சமும் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் எனக்கு முடியும். பின்னல் அப்படியில்லை. வாசிப்போடு சேர்ந்தே போகும். ஒவ்வொரு வரிசையும் நிட் மட்டும் போடும் கார்ட்டர் பின்னலுக்குக் கண் தேவையில்லை, விரலே பார்த்துக்கொள்ளும். சாய்வுப் பலகையில் புத்தகத்தை வைத்து, பக்கம் புரளாமல் துணி கிளிப்பைக் குத்திவிட்டால் பின்னிக்கொண்டே நாவல் படிக்கலாம். வரிசை முடியும் இடத்தில் பக்கத்தைத் திருப்புவேன். லேஸ் மாதிரி பின்னும்போது மட்டும் படிக்க முடியாது, எண்ணிக்கை தவறும். அப்போது மகள் சத்தமாக வாசிப்பாள், நான் கேட்பேன். மாமி கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்பார். கதையில் யாராவது அநியாயம் செய்தால் முதலில் கோபப்படுவது மாமிதான். "அவன அப்பிடியே விட்டிருவாங்களா பிள்ளே?" என்று அடுத்த நாள் காபி குடிக்கும்போதும் கேட்பார். கதையைக் கூட்டாகக் கேட்கிற இந்தப் பழக்கம் எங்கள் வீட்டுக்கு வந்தது பின்னலால்தான், இதற்காக எனக்குப் பின்னல் மேல் தனிப் பிரியம்.

இந்தக் கோடைக்கு நிறைய வைத்திருக்கிறேன். தங்கைக்கு ஜூன் கடைசியில் பிரசவம். பிள்ளை பிறக்கும்போது நல்ல மழைக்காலமாக இருக்கும் என்பதால் மெல்லிய பருத்தி நூலில் ஒரு போர்வை, தொப்பி, கால் உறை பின்னுகிறேன். பட்டனோ ரிப்பனோ எதுவும் கிடையாது, பச்சைப் பிள்ளை வாயில் வைக்கிற எதையும் தைத்து வைக்கக் கூடாது. கால் உறையில் உள்பக்கம் நீண்ட நூல் தொங்காமலும் பார்க்க வேண்டும், விரலில் சுற்றிக்கொள்ளும். பழைய வாயில் சேலையைக் கிழித்து அணைத்துணிகள் தைத்தாயிற்று. புதுத்துணியைவிட பிள்ளையின் தோலுக்கு அதுதான் இதம்.

பட்டாளத்தில், வடக்கே இருக்கும் தம்பிக்கு ஒரு மஃப்ளர் வேண்டுமாம். அது நிஜமான ஆட்டு உல்லன். மே மாதப் புழுக்கத்தில் அந்த நூலைக் கையில் எடுக்க முடியாது, விரலோடு ஒட்டும். மழை இறங்கினதும் ஆரம்பித்தால் அவன் குளிருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும்.

மகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டதும் கிளை நூலகத்துக்குப் போய்வர ஒரு வலைப்பை குரோஷேயில் பின்னச் சொல்லியிருக்கிறேன், அவளுடைய முதல் முழு வேலை. சங்கிலிப் பின்னலும் ஒற்றைக் குரோஷேயும் தெரிந்தால் போதும், புத்தகம் போடப் போட விரிந்து கொடுக்கும். நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அதனால் வியாழன்தோறும் போகலாம் என்று பேசிவைத்திருக்கிறோம். மாத்தூர் தொட்டிப் பாலத்துக்கும் திற்பரப்புக்கும் ஒரு நாள் போக வேண்டும். பாலத்தில் நடுவழியில் காற்று நன்றாக அடிக்கும், அங்கே பின்னல் பையைத் திறக்கப் போவதில்லை, நூல் உருண்டை கீழே போனால் பறளியாற்றில்தான் தேட வேண்டும். மற்றபடி அப்பாவின் விளையில், அதாவது தோட்டத்தில், செங்கவருக்கை மாம்பழம் பழுக்கிறபோது அங்கே ஒரு வாரம். அங்கே மெஷின் கிடையாது, ஹெம்மிங் மிச்சமிருக்கும் உடுப்புகளையும் இரண்டு தடித்த நாவல்களையும் எடுத்துப் போவேன்.

நீங்களும் இந்தக் கோடையில் தொடங்குவதாக இருந்தால் ஏப்ரலிலேயே மெஷினைத் திறந்து எண்ணெய் விட்டு, பெல்ட் தளர்ந்திருக்கிறதா, பாபின் கேஸில் பஞ்சு அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மே கடைசியில் மெஷின் பழுது பார்ப்பவர்கள் எல்லோரும் தையல்கடைகளின் யூனிஃபார்ம் அவசரத்தில் இருப்பார்கள், வீட்டு மெஷினுக்கு வரமாட்டார்கள். ரொம்ப நன்றாகப் பொருந்துகிற பழைய நைட்டி ஒன்றை எடுத்துத் தையலைப் பிரித்து, தேய்த்து, நாளிதழ் மேல் வைத்து வரைந்துகொள்ளுங்கள். தையலுக்கென்று சுற்றிலும் முக்கால் அங்குலம் விட்டு வெட்டினால் உங்கள் முதல் மாதிரிக் காகிதம் தயார்.