தொழில்நுட்பக் கல்லூரியில் தோட்டக்கலை டிப்ளமோ படிக்கலாமா? என்ன வேலை கிடைக்கும்?

படிக்கலாம். நானும் இந்த இரண்டு வருடப் படிப்பை முடித்தவன்தான். இப்போது ஒரு நர்சரியில் நாற்று உற்பத்தியைப் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் செடி வளர்க்கப் பிடிக்கும் என்ற ஒரே காரணத்துக்காகச் சேராதீர்கள்.

முதல் பருவம் முழுக்க எனக்குப் பெரும்பாலும் தண்ணீர் ஊற்றும் வேலைதான். இதற்கு எதற்குக் கல்லூரி என்று முணுமுணுத்துக்கொண்டே செய்தேன். ஒரு சாயங்காலம், குழித்தட்டுகளில் இருந்த தக்காளி நாற்றுக்குத் தாராளமாக ஊற்றிவிட்டு, பசுமைக்குடிலையும் இறுக அடைத்துவிட்டுப் போனேன். மூன்றாம் நாள் தட்டுத் தட்டாகச் சாய்ந்து கிடந்தன. ஆசிரியர் திட்டவில்லை. ஒரு நாற்றைப் பிடுங்கி, மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நூல் மாதிரி இளைத்திருந்ததைக் காட்டினார். நாற்றழுகல். ஈரமும் தங்கி, காற்றோட்டமும் இல்லையென்றால் பித்தியம் போன்ற கிருமிகளுக்கு அது கொண்டாட்டம். பிறகுதான் தொட்டியைத் தூக்கிப் பார்த்து, கனத்தை வைத்தே தண்ணீர் வேண்டுமா வேண்டாமா என்று சொல்லப் பழகினேன். இன்றும் புதிதாக ஆள் எடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

ஒட்டுக் கட்டுவதும், அதாவது ஒரு செடியின் குச்சியை வேரோடு நிற்கும் இன்னொரு செடியில் இணைப்பதும், செய்து பார்த்துத்தான் வரும். பட்டைக்கு அடியில் இருக்கும் மெல்லிய வளர்திசு, ஒட்டுக்குச்சியிலும் வேர்ச்செடியிலும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். குச்சி மெலிதாக இருந்தால் ஒரு பக்கமாவது பொருந்த வேண்டும். பரீட்சையில் எழுத இரண்டு வரி. நான் கட்டிய முதல் ஐம்பதில் பிழைத்தவை நான்கு! பாதிக் குற்றம் மழுங்கிய கத்தி மேல்.

வேலை என்று பார்த்தால் நர்சரி, பசுமைக்குடில் காய்கறி, பூ உற்பத்தி, நிலவடிவமைப்பு, விளையாட்டு மைதானப் புல்தரை, மரப் பராமரிப்பு, தாவரவியல் பூங்கா, சொட்டுநீர்ப் பாசன நிறுவனங்கள் என்று நிறைய இருக்கிறது. சொந்தமாகத் தொழில் தொடங்க எளிது நிலவடிவமைப்பு என்பது என் அபிப்பிராயம். தோட்டம் போட்டுக் கொடுப்பதைவிட, மாதாமாதம் பராமரிக்கும் ஒப்பந்தம்தான் அதில் நிலையான வருமானம். வெயில் ஆகாதென்றால் திசு வளர்ப்புக் கூடம் உண்டு. வாழை, ஆர்க்கிட் கன்றுகளைக் கண்ணாடிக் குடுவையில் பெருக்கும் வேலை. பொறுமையும் சுத்தமும் இருந்தால் போதும், எனக்கு இரண்டுமே குறைவு. பூ உற்பத்தி கொஞ்சம் விசித்திரமானது. சாமந்தி பூக்க நீண்ட இரவு வேண்டும். பக்கத்தில் ஒரு விளக்கு எரிந்தாலே பூப்பது தள்ளிப்போகலாம். அதனால் கறுப்புத் துணி போட்டு மூடி, எந்த வாரம் பூக்க வேண்டும் என்பதை நாமே முடிவு செய்வோம்.

தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது. இடுப்பு வலிக்கும், செடிக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. ஆராய்ச்சிதான் ஆசை என்றால் பட்டப்படிப்புக்கே போங்கள்; அல்லது டிப்ளமோ முடித்து நேராக இரண்டாம் ஆண்டில் சேர வழி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சேர்வதற்கு முன் கல்லூரியை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் களத்தில் வேலை, விடுமுறை நாளில் தண்ணீர் விடுவது யார் என்று கேளுங்கள். மாணவர்கள் முறை வைத்துச் செய்கிறார்கள் என்றால் நல்லது. அப்படியே பசுமைக்குடிலில் மேசைக்கு அடியில் குனிந்து பாருங்கள். களையும் பாசியும் மண்டிக் கிடந்தால் வேறு கல்லூரி தேடுங்கள்.