பத்தமடையிலிருந்து வந்த டாக்டர்

அன்புள்ள ஐயா,

எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் யோகா வகுப்புக்குப் போகிறேன். உடம்பை வளைக்கத்தான் சொல்லித் தருகிறார்கள். தியானம், தத்துவம் எதுவும் கிடையாது. நம் யோகிகள் விட்டுச்சென்றது இவ்வளவுதானா? பேசாமல் நின்றுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

க., ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள க.,

நிற்க வேண்டாம்.

உங்கள் ஆதங்கம் நியாயம்தான். யோகத்துக்கு மூலநூல் எழுதிய பதஞ்சலியின் 195 சொச்சம் சூத்திரங்களில் ஆசனத்தைப் பற்றி நேராகப் பேசுபவை மூன்றே மூன்று. ஆடாமல், சுகமாக உட்கார் என்கிறார், அவ்வளவுதான்.

ஆனால் உடம்பை வளைப்பதை மட்டமாக நினைக்கிறீர்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ‘உடம்பினை முன்னம் இழுக்கென்று இருந்தேன்’ என்று திருமூலரே ஒப்புக்கொள்கிறார். உள்ளே உத்தமன் கோயில் கொண்டிருப்பதைக் கண்டபிறகு உடம்பைப் பேண ஆரம்பித்தாராம். மூச்சுக்கும் கணக்கு வைத்திருக்கிறார்: இழுப்பது 16 மாத்திரை நேரம், அடக்குவது 64, விடுவது 32. ஒருநாள் எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்தபடியே இதை முயன்றேன். அடக்கியதில் முப்பதுகூடத் தாண்டவில்லை, பக்கத்திலிருந்த சீனப் பாட்டி பயந்துபோய் என் தோளைத் தட்டி ‘ஓகேயா?’ என்றார். ஆசிரியர் இல்லாமல் நீங்கள் இறங்கிவிடாதீர்கள்.

யோகா கற்பித்த துறவி சுவாமி சிவானந்தரைப் பாருங்கள். 1887-ல் பத்தமடையில் பிறந்தவர். கோரைப் பாய்க்குப் பேர்போன ஊர் அது (இன்று நாம் விரிப்பதெல்லாம் ரப்பர் பாய்). 1913-லிருந்து பத்தாண்டுகள் நமக்குப் பக்கத்தில், மலாயாவில் டாக்டராக இருந்தார். சிரம்பான் பக்கம் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் தொழிலாளிகளின் நாடி பிடித்தவர். ரிஷிகேசத்தில் துறவு வாங்கியது 1924-ல்தான். பின்னாளில் அவர் சொல்லிக்கொடுத்த வரிசை இது: சேவை செய், அன்பு செய், கொடு, தூய்மையாகு, தியானம் செய், உணர். நீங்கள் கேட்கிற தியானம் ஐந்தாவதாகத்தான் வருகிறது. நோயாளிகளின் உடம்போடு பத்து வருடம் மல்லுக்கட்டியவர் வேறு எப்படி அடுக்கியிருப்பார்?

சரி, உங்கள் வகுப்புக்கு வருவோம். கடைசியில் அசையாமல் மல்லாந்து படுக்கும் சவாசனம் வரும்போது பாதிப்பேர் பாயைச் சுருட்டிக்கொண்டு லிஃப்டுக்கு ஓடுவார்கள். நீங்கள் ஓடாதீர்கள். படுத்தபடியே மூச்சு வந்துபோவதைக் கவனியுங்கள். எண்ண வேண்டாம்.

அப்புறம், பிராணாயாமம், அதாவது மூச்சுப் பயிற்சி, சொல்லித் தருவீர்களா என்று ஆசிரியரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பலருக்கு நன்றாகவே தெரியும். யாரும் கேட்பதில்லை, அதனால் அவர்களும் எடுப்பதில்லை.