அழகர்சாமி: பெயர் விளக்கம்

கேள்வி: பேரனுக்கு என் தகப்பனார் பெயரான அழகர்சாமியையே வைக்க ஆசை. அதன் பொருள் என்ன? எழுதும்போது எதைக் கவனிக்க வேண்டும்? (வாசகர், மேலூர்)

பதில்: தாராளமாக வையுங்கள். மதுரைக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் உள்ள அழகர்கோவில் பெருமாளின் பெயர் அது. 'அழகு' என்ற சொல்லோடு மரியாதை விகுதி 'அர்' சேர்ந்து அழகர். வடமொழியில் அவரே சுந்தரராஜர். சுந்தரராஜன் என்ற பெயரும் அங்கிருந்து வந்ததுதான். மீனாட்சியம்மன் கோயில் சொக்கநாதருக்கும் 'அழகன்' என்றே பொருள். சைவம், வைணவம் இரண்டிலும் அழகையே சாமி பெயராக்கிய ஊர் நம்முடையது!

சித்திரைப் பௌர்ணமியில் அழகர் வைகையில் இறங்குவதைக் கிராமம் கிராமமாக வந்து பார்க்கிறார்கள். பலருக்கு அவர் குலதெய்வம். தாத்தா பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கமும் சேர்ந்ததால் மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் இந்தப் பெயர் நிலைத்தது. வீட்டில் 'அழகு' என்று கூப்பிடலாம். அதுவும் நல்ல பெயரே.

சிக்கல் வருவது ஆங்கில எழுத்தில். 'ழ'வுக்குச் சிலர் 'இசட் எச்' போடுவார்கள், சிலர் வெறும் 'எல்'. கடைசி 'மி'க்கு 'ஒய்' அல்லது 'ஐ'. பிறப்புச் சான்றிதழில் ஒன்றும் ஆதாரில் வேறொன்றும் இருந்தால் பிற்பாடு பாஸ்போர்ட்டுக்கு அலைய நேரும். 'அழகர்', 'சாமி' இரண்டையும் இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக எழுதுங்கள். பிரித்தால் படிவத்தில் 'சாமி' குடும்பப்பெயராகிவிடும். தகப்பனார் சான்றிதழில் உள்ள எழுத்தைப் பார்த்து அப்படியே எழுதுவது உத்தமம். குழந்தை பிறந்து 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமின்றிப் பதியலாம். தாண்டினால் தாமதக் கட்டணம் உண்டு.