பழைய ரிவோல்வர்: அனுமதி, முத்திரை, கறள்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இங்கிலாந்தில் பழங்கால ரிவோல்வரை அனுமதிப்பத்திரம் இல்லாமலே அலங்காரமாக வைத்திருக்கலாம் என்று வாசித்தேன். திருகோணமலையில் இருந்துகொண்டு நானும் அப்படிச் சேர்க்கத் தொடங்கலாமா?
– வாசகர், உவர்மலை

பதில்: நீங்கள் வாசித்தது அந்த நாட்டுக்கு ஓரளவு சரி. அங்கே 1968 ஆம் ஆண்டுச் சட்டத்தில் பழம்பொருளுக்கு விலக்கு உண்டு. அமெரிக்காவில் 1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு. ஆனால் இங்கிலாந்திலும் வயது மட்டும் போதாது; .455 அங்குல ரவை போடும் பிரித்தானிய வெப்ளி ரிவோல்வரைப் போல இன்றும் ரவை கிடைக்கும் அளவுகள் அந்த விலக்கில் சேராது. இந்த விதிகள் எதையும் இலங்கைக்குக் கொண்டுவர முடியாது. இங்கே ஆள்வது 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம். அனுமதிப்பத்திரம் வேண்டும், அதை வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டும். "பழசுதானே, சுடாதுதானே" என்ற பேச்சை நம்பி ஒன்றையும் கையில் வாங்காதீர்கள். முதலில் மாவட்டச் செயலகத்தில் எழுத்தில் கேளுங்கள், எழுத்திலேயே பதில் வாங்குங்கள். அச்சு அசலாக இருக்கும் போலித் துப்பாக்கியை வெளிநாட்டிலிருந்து தருவிப்பதென்றாலும் இதே வழிதான்.

எங்கள் உறுதியான ஆலோசனை, ரிவோல்வரைச் சுற்றியிருந்த பொருட்களைச் சேர்ப்பது. 1937 மாதிரிக் கித்தான் உறை, தாங்கிப் படையினர் தொடையில் கட்டிய நீண்ட உறை, பிடியில் மாட்டும் கழுத்துக் கயிறு, ரவைப் பை, பயிற்சிக் கைநூல், அந்தக் காலத்துப் படங்கள் என்று ஒரு அலுமாரி நிறையச் சேரும். வெப்ளிக்கு ஆறு ரவையையும் ஒரே அழுத்தில் இறக்கும் பிரிடோ என்ற ஏற்றி ஒன்று இருந்தது. அது அரிது, போலிகளும் உண்டு; அதைக் கடைசியில் தேடுங்கள். கித்தான் உறையைத் தண்ணீரில் போடவே கூடாது. உட்பக்கத்தில் மையால் குத்திய வருடமும் செய்தவர் பெயரும் போய்விடும், அதோடு அதன் பெறுமதியும் போய்விடும். மென்மையான தூரிகையால் தட்டினால் போதும்.

கேள்வி: அனுமதிப்பத்திரத்துடன் அப்பா வைத்திருந்த ரிவோல்வர் ஒன்று வீட்டில் இருக்கிறது. அப்பா காலமாகிவிட்டார். இனி அது எனக்குத்தானே?
– வாசகி, சாம்பல்தீவு

பதில்: இல்லை அம்மா. அனுமதிப்பத்திரம் அதில் பெயர் உள்ளவருக்கு மட்டுமே. வீடு, காணி போல அது வாரிசுக்கு இறங்காது. உடனே பொலிஸ் நிலையத்துக்கு அறிவியுங்கள். ஆனால் துப்பாக்கியைப் பையில் போட்டுக்கொண்டு போகவேண்டாம். அனுமதிப்பத்திரத்தையும் இறப்புச் சான்றிதழையும் கொண்டுபோய்ச் சொல்லுங்கள், எப்படி ஒப்படைப்பது என்று அவர்கள் சொல்லட்டும். கொடுக்கும்போது தொடரிலக்கம் எழுதிய பற்றுச்சீட்டு வாங்க மறக்காதீர்கள். உங்கள் பெயருக்கு விண்ணப்பிப்பது அதற்குப் பிறகு செய்யும் வேலை.

கேள்வி: அனுமதி பெற்று நண்பர் வைத்திருக்கும் ரிவோல்வரில் 'என்பீல்ட்', '1924' என்று பொறித்திருக்கிறது. ஒருவர் அதை வெப்ளி என்கிறார், இன்னொருவர் என்பீல்ட் என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகர், தம்பலகாமம்

பதில்: இருவரும் சரி. வெப்ளி மார்க் 6 என்ற மாதிரி 1915 இல் படைக்கு எடுக்கப்பட்டது. 1921 முதல் 1926 வரை அதையே இங்கிலாந்தில் என்பீல்ட் என்ற இடத்தில் இருந்த அரச தொழிற்சாலையும் செய்தது. உங்கள் நண்பருடையது அதுவாக இருக்கவேண்டும். 'என்பீல்ட் நம்பர் 2' என்ற வேறு ரிவோல்வர் 1932 இல்தான் வந்தது. இரண்டும் நடுவால் மடிந்து திறப்பதால்தான் இந்தக் குழப்பம்.

உறுதிப்படுத்த ஒரு அடிமட்டம் போதும். கையில் எடுத்ததும் ஆளில்லாத பக்கம் குழலைத் திருப்பி, விரலை விசையில் வைக்காமல் திறந்து, ஆறு அறையும் வெறுமை என்று கண்ணால் பாருங்கள். "நேற்றுத்தான் பார்த்தேன்" என்று யார் சொன்னாலும் இதைச் செய்யுங்கள். பிறகு அறையின் பின்வாயை அளவுங்கள். 12 மில்லிமீற்றரை ஒட்டி இருந்தால் .455, அதாவது மார்க் 6. 10 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் .38, அதாவது நம்பர் 2. மார்க் 6 இன் குழல் வழமையாக 6 அங்குலம், நிறை 1 கிலோவுக்கு மேல். நம்பர் 2 இன் குழல் 5 அங்குலம், தூக்கினாலே பாரம் குறைவு என்று தெரியும்.

அடுத்து முத்திரைகள். அகன்ற அம்புக்குறி ஒன்று தனியே இருந்தால் பிரித்தானிய அரச உடைமை. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால் படையிலிருந்து கழித்து விற்றது. 'பி.என்.பி' என்ற எழுத்தும், கூடவே '.767 அங்குலம்', '3½ டன்' என்றும் குத்தியிருந்தால், அந்த .38 பின்னாளில் பேர்மிங்ஹாம் பரிசோதனைச் சாலையைத் தாண்டிப் பொதுச் சந்தைக்குப் போனது. .767 ரவைக் கூட்டின் நீளம். 3½ டன் என்பது சதுர அங்குலத்துக்கு அந்த ரிவோல்வருக்குக் கணித்த அழுத்தம். நம்பர் 2 இன் உதிரிப்பாகங்கள் சிலவற்றில் 'எஸ்.எஸ்.எம்' என்று இருக்கும். அவற்றைச் செய்தது ஸ்கொட்லாந்தில் கிளைட்பேங்கில் இருந்த சிங்கர் தையல் இயந்திரத் தொழிற்சாலை. எங்கள் வீட்டுத் தையல் மெஷின்களின் அதே சிங்கர்தான்.

ஏமாற்றம் வருவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, உடலில் உள்ள இலக்கமும் சுழல் உருளையில் உள்ள இலக்கமும் வேறாக இருப்பது. அப்படியென்றால் இரண்டு துப்பாக்கிகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். மற்றது மார்க் 6 இல் உருளையின் பின்முகத்தைச் சீவியிருப்பது. அமெரிக்காவில் மலிவான .45 தானியங்கி ரவையைப் போடுவதற்காக அப்படிச் செய்தார்கள். அந்த ரவையின் அழுத்தம் வெப்ளிக்குக் கணித்ததை விட மிக அதிகம், உருளையே வெடிக்கலாம். சீவிய இரும்பைத் திருப்பி ஒட்ட வழியில்லை. அதைப் பார்வைக்கு மட்டுமே வைக்கலாம்.

நம்பர் 2 இல் சுத்தியலின் மேல் விரல் வைக்கும் கொம்பு இல்லையென்றால் உடைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். தாங்கிக்குள் சிக்குப்படாமல் இருக்க 1938 இல் அதை எடுத்துவிட்டே செய்தார்கள். அதற்குக் கொம்பு வைத்து 'திருத்தினால்' பழுதாக்கியது நீங்கள்தான்.

கேள்வி: வெண்கலக் குத்துவிளக்குக்குப் பூசுவது போல எங்கள் ரிவோல்வருக்கும் மாதம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் பூசுகிறோம். ஆனாலும் செங்கறள் வருகிறது. ஏன்?
– வாசகர், நிலாவெளி

பதில்: தேங்காய் எண்ணெயும் ஒரு காரணம். நாள்பட அது கெட்டுக் கொழுப்பமிலம் விடும், அந்த அமிலம் இரும்பைத் தின்னும். ஏசி அறையில் 24 பாகைக்குக் கீழே போனால் உறைந்து, தூசியைப் பிடித்து, மூட்டுகளில் பிசினாகி நிற்கும். அதற்குமேல் நிலாவெளிக் காற்றில் வரும் உப்பு. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மாரி காலத்தில் இரண்டு வாரமே போதும், கறள் பிடிக்க.

பழைய எண்ணெயை டர்பன்டைன் தொட்ட பஞ்சால் துடையுங்கள். மரப்பிடியில் படவிடாதீர்கள், யன்னலைத் திறந்து வையுங்கள். உலர்ந்ததும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளியைச் சீலையில் விட்டு மெல்லியதாகத் தடவுங்கள். நீண்ட காலம் வைப்பதானால் நூதனசாலைகளில் பாவிக்கும் நுண்பளிங்கு மெழுகு இன்னும் நல்லது. நீர் விரட்டும் தெளிப்பான் ஈரத்தை எடுக்க உதவும், மாதக்கணக்கில் காக்காது. கடைசியாகத் துடைத்தபின் வெறுங்கையால் தொடவேண்டாம். வியர்வையிலும் உப்புத்தான்.

கறள் நீக்கும் அமிலத் திரவத்தை மட்டும் கிட்டக் கொண்டுவராதீர்கள். துப்பாக்கியின் கருநீல மெருகும் ஒருவகை இரும்பு ஒட்சைட்டுத்தான். செங்கறளைக் கரைக்கும் அமிலம் மெருகையும் சேர்த்தே கரைக்கும். பித்தளை மினுக்கும் பசை மெருகைத் தேய்ப்பதோடு முத்திரைகளின் ஓரத்தையும் மழுக்கும். புள்ளிக் கறளுக்கு எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவைத்து, தட்டையாக்கிய செப்புக் கம்பியால் சுரண்டுங்கள். செம்பு உருக்கை விட மென்மை, அதனால் கீறாது. மினுமினுப்பான பழைய ரிவோல்வரை விடக் கறுத்து மங்கிய ஒன்று எங்கள் கண்ணுக்குப் பெறுமதியானது.

பெட்டி இறுக மூடவேண்டும். உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வையுங்கள், ஈரப்பதம் 45 – 50 வீதத்தில் நிற்கட்டும். அதற்கும் மிகக் குறைத்தால் மரப்பிடி வெடிக்கும். செம்மஞ்சள் ஜெல் பச்சையானால் 110 பாகையில் சூடாக்கித் திரும்பப் பாவிக்கலாம். ஏசி அறையிலிருந்து வெளியே எடுக்கும்போது மூடிய பையிலேயே ஒரு மணித்தியாலம் விடுங்கள். உடனே திறந்தால் வியர்க்கும். பெட்டிக்குப் பூட்டும் வேண்டும்; முன்பு சொன்ன அனுமதி இதற்கும் சேர்த்துத்தான்.

கேள்வி: தோல் உறைக்குள்ளேயே வைக்கலாமா? – அதே வாசகர்

பதில்: கூடாது. தோலைப் பதனிட்ட அமிலமும் அது குடித்த ஈரமும் இரும்பில் உறையின் வடிவத்திலேயே கறளைப் பதிக்கும். உறையை வேறு பெட்டியில் வையுங்கள். உறையின் உலோகப் பொருத்தாணியில் பச்சைக் களிம்பு தெரிந்தால் பல்குத்தும் குச்சியால் எடுங்கள். தோல் சிவந்து பொடியாக உதிர்ந்தால் எண்ணெய் பூசாதீர்கள், இன்னும் கறுத்து மோசமாகும்.

கேள்வி: வலையில் துருப்பிடித்த ரிவோல்வர் போல ஒன்று வந்தது. சுத்தம் செய்து வைக்கலாமா?
– வாசகர், மூதூர்

பதில்: வேண்டாம். கடலில் கிடந்த ரவை செத்துவிட்டது என்று நம்ப முடியாது. தட்டாதீர்கள், சுரண்டாதீர்கள், வெயிலில் காய வைக்காதீர்கள். படகில் மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லி, 119 க்கோ கடற்படைக்கோ அறிவியுங்கள். அவர்கள் வந்து எடுக்கும்வரை வைத்த இடத்திலேயே இருக்கட்டும்.