பட்டம் இல்லாத பேராயர்

அன்புள்ள சார்,

பார்பரா ஹாரிஸைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். இங்கிலாந்துத் திருச்சபையின் வழிவந்த உலக ஆங்கிலிக்கன் சபையின் முதல் பெண் பேராயர், சரி. ஆனால் அவருக்குக் கல்லூரிப் பட்டமும் இல்லை, இறையியல் பட்டமும் இல்லை, விவாகரத்தானவர், குருவாகி எட்டு வருஷம்தான் ஆகியிருந்தது என்கிறார் என் நண்பர். கறுப்பினப் பெண் என்பதற்காகவே தூக்கிக் கொடுத்த பதவி என்பது அவர் கட்சி. உண்மையா?

ஜே., நாகர்கோவில்

அன்புள்ள ஜே.,

உங்கள் நண்பர் தந்த தகவலெல்லாம் சரி. ‘தூக்கிக் கொடுத்த’ என்பதுதான் தப்பு.

ஆங்கிலிக்கன் சபையின் அமெரிக்கக் கிளையான எபிஸ்கோபல் சபையில் பேராயரை மேலிருந்து யாரும் நியமிப்பதில்லை. திருமண்டலத்தின், அதாவது ஒரு பேராயரின் பொறுப்பில் உள்ள வட்டாரத்தின், குருமார் தனியாகவும் சபையாரின் பிரதிநிதிகள் தனியாகவும் ஓட்டுப் போடுவார்கள். இரண்டு பக்கமும் பெரும்பான்மை வேண்டும். அப்புறம் நாடெங்கும் உள்ள மற்ற திருமண்டலங்களில் பெரும்பாலானவை சம்மதிக்க வேண்டும். 1988 செப்டம்பரில் மாசசூசெட்ஸ் திருமண்டலம் அவரைத் தேர்ந்தெடுத்தது. நண்பர் சொல்லும் அதே குறைகளை எதிர்ப்பாளர்கள் அப்போதே ஊரறியச் சொல்லித் தீர்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் சம்மதம் கிடைத்தது.

அவர் 1930-இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர். மக்கள் தொடர்புத் துறையில் இருந்தார். கறுப்பினத்தவர் நடத்திய ஒரு நிறுவனத்தில் தலைவர் பொறுப்பு வரை உயர்ந்து, பிறகு சன் ஆயில் கம்பெனிக்குப் போனார். இடையே கறுப்பினத்தவரின் ஓட்டுரிமைக்காக நடந்த செல்மா ஊர்வலம், சிறைக் கைதிகளைப் பார்த்துவரும் ஊழியம். 1974 ஜூலையில் ஃபிலடெல்ஃபியாவில் பதினொரு பெண்கள் சபையின் அனுமதி இல்லாமலே குருப்பட்டம் பெற்றார்களே, அந்த ஆராதனையில் முன்னால் சிலுவை ஏந்திப் போனவர் இவர்தான். தானும் படித்துக் குருவானபோது வயது ஐம்பது. பத்திரிகையில் பத்தியும் எழுதினார். சபைக்குள்ளிருந்த இனவெறியையும் ஆணாதிக்கத்தையும் பெயர் சொல்லித் திட்டும் எழுத்து அது. பலருக்கு உறுத்தியது அந்தப் பேனாதான், பட்டம் ஒரு சாக்கு என்பது என் கணிப்பு.

1989 பிப்ரவரி 11 அன்று பாஸ்டனில் அபிஷேகம். கூட்டம் எட்டாயிரம் பேர். கொலை மிரட்டல் வந்திருந்ததால் குண்டு துளைக்காத அங்கி போட்டுக்கொள்ளச் சொன்னது போலீஸ், மறுத்துவிட்டார். ஆட்சேபம் உண்டா என்று கேட்பது முறை. கேட்டார்கள், எதிர்ப்பாளர்கள் எழுந்து வாசித்தார்கள். தலைமைப் பேராயர் எட்மண்ட் பிரவுனிங் கேட்டுக்கொண்டு ஆராதனையைத் தொடர்ந்தார்.

அன்று பலிபீடத்தருகே நின்றவர்களில் ஒருவர் லி டிம்-ஓய். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சீனக் கரையோரத்து மக்காவுக்கு (Macau) வேறு குரு போக முடியாததால் 1944-இல் குருவாக்கப்பட்டவர். ஆங்கிலிக்கன் சபையில் அப்படி ஆன முதல் பெண். போர் முடிந்ததும் எதிர்ப்பு கிளம்பி, குருப்பணி செய்யும் உரிமத்தை விட்டுக்கொடுத்தவர். எண்பதைத் தாண்டிய வயதில் வந்து நின்றார். எனக்கு அந்த நாளில் பார்பராவைவிட இவர்தான் கண்ணில் நிற்கிறார்.

நண்பருக்குச் சாதகமாக ஒன்று சொல்கிறேன். பார்பரா உதவிப் பேராயர்தான். திருமண்டலத்தின் தலைமை அவர் கைக்கு வரவேயில்லை. 2002-இல் ஓய்வு பெற்றார், 2020-இல் காலமானார். அவர் இடத்துக்கு அடுத்து வந்தவரும் கறுப்பினப் பெண்தான், பெயர் கெய்ல் ஹாரிஸ். இருவருக்கும் உறவு எதுவும் இல்லை. வாரிசு அரசியல் என்று நண்பர் அடுத்த கடிதத்துக்கு விஷயம் எடுத்துக் கொடுத்துவிடப் போகிறார்.