காருக்கு இடம் இருக்கிறது, மரத்துக்கு இல்லை: நகரமைப்பு பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை நகரமைப்பு பற்றி வந்த கேள்விகள் மட்டும். ஒரே விஷயத்தைப் பலர் வேறு வேறு கோபத்தில் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்து ஒன்றாக்கிவிட்டேன்.

கேள்வி: எந்த நகரத்தின் மாஸ்டர் பிளானை எடுத்தாலும் பசுமை, நிலைத்த வளர்ச்சி என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். தெருவில் இறங்கிப் பார்த்தால் ஒன்றையும் காணோம். எங்கேதான் போகிறது அதெல்லாம்?

ஏட்டுச் சுரைக்காய் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம், ஆனால் அது திட்டம் எழுதியவர்களுக்குச் செய்யும் அநியாயம். பெரும்பாலும் திட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. அதை நிறைவேற்றும் அதிகாரம் எழுதியவர் கையில் இல்லை, அவ்வளவுதான். நகரமைப்புத் துறை வரைபடத்தில் நிறம் தீட்டுகிறது: இது குடியிருப்பு, இது தொழிற்சாலை, இது திறந்தவெளி. சாலை போடுவது வேறு துறை, குழாய் பதிப்பது வேறு துறை, பஸ் விடுவது மூன்றாவது, மின்கம்பி நான்காவது. ஒவ்வொன்றுக்கும் தனி பட்ஜெட், தனி மேலதிகாரி, தனி அவசரம்.

ஒரு நடைபாதை மரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். திட்டத்தில் ‘நிழல் தரும் நடைபாதை’ என்று அழகாக இருக்கும். நடைபாதை போடும் ஒப்பந்தத்திலோ இத்தனை சதுர மீட்டர் தளத்துக்கு இவ்வளவு பணம் என்று இருக்கும். மரத்தைச் சுற்றி மண் தெரிய ஒரு குழி விட்டால் அந்தப் பரப்புக்குக் காசு வராது, அதனால் சிமென்ட் நேரே அடிமரத்தை முட்டிக்கொண்டு நிற்கும். அப்புறம் கேபிள் போட வருகிறவர் ஒரு பக்கத்து வேரை வெட்டுவார். அடுத்த காற்றில் மரம் சாயும், மரம் ஆபத்து என்று இன்னும் நாலு மரத்தை வெட்டுவார்கள். இதில் யாரும் பசுமைக்கு எதிரி இல்லை என்பதுதான் வேடிக்கை. திட்டத்தில் இருந்த நல்ல எண்ணம் ஒப்பந்தத்தின் அளவுப் புத்தகத்தில் ஒரு வரியாக ஏறவில்லை, அதனால் செத்துப்போயிற்று.

இன்னொரு சிக்கல் காலம். ஐ.நா. அமைத்த புருண்ட்லாண்ட் குழு 1987-இல் தந்த விளக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: வருங்காலத் தலைமுறையின் தேவைக்குப் பங்கம் வராமல் இன்றைய தேவையை நிறைவேற்றிக்கொள்வது. சரி, அந்த வருங்காலத் தலைமுறைக்கு ஓட்டு இல்லையே! திட்டம் 20 வருடத்துக்கு, பதவி நாலைந்து வருடத்துக்கு. செலவு இப்போது, பலன் வேறொருவர் பதவிக்காலத்தில்.

பிரேசிலின் குரிச்சிபா நகரத்தை எல்லாரும் உதாரணம் காட்டுவதற்குக் காரணம் அங்கே திட்டம் எழுதும் கையும் அதை நிறைவேற்றும் கையும் ஒன்றாக இருந்தன என்பதுதான். 1965-இல் அங்கே ஒரு திட்ட நிறுவனம் தொடங்கினார்கள், அதில் இருந்த ஜெய்மி லெர்னர் என்ற கட்டடக் கலைஞரே 1971-இல் மேயரானார். 1974-இல் பஸ்ஸுக்கென்றே தனிப்பாதை வந்தது. உயரமான கட்டடங்களை அந்தப் பாதைகளை ஒட்டித்தான் எழுப்பலாம் என்று நிலவிதியையும் அதோடு கட்டினார்கள். பஸ்ஸுக்குப் பயணி தானாகக் கிடைத்தார். ஆனால் அதே குரிச்சிபாவில் பிற்காலத்தில் கார்கள் பெருகி பஸ் கூட்டம் குறைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு முறை செய்துவிட்டுக் கையைக் கழுவும் வேலை இல்லை இது.

கேள்வி: நெரிசல் தாங்கவில்லை. சாலையை அகலப்படுத்தாமல் சூழல், பசுமை என்று பேசிக்கொண்டிருப்பது ஏன்?

அகலப்படுத்திப் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவின் ஹூஸ்டனில் கேட்டி ஃப்ரீவே என்ற நெடுஞ்சாலையை 2008 வாக்கில், பக்கச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடம் வரும் அளவுக்கு விரித்தார்கள். சில ஆண்டுகளிலேயே காலை மாலை வேளைகளில் பயண நேரம் மறுபடி கூடிவிட்டது. இது அந்த ஒரு சாலையின் துரதிர்ஷ்டம் இல்லை. டுராண்டன், டர்னர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்க நகரங்களின் கணக்கை எடுத்து 2011-இல் காட்டியது இது: நெடுஞ்சாலை எவ்வளவு சதவீதம் கூடுகிறதோ, ஏறக்குறைய அதே அளவுக்கு வண்டி ஓடும் தூரமும் கூடுகிறது.

காரணம் மந்திரம் ஒன்றும் இல்லை. சாலை காலியாக இருந்தால், நேற்று வரை பஸ்ஸில் போனவர் கார் எடுக்கிறார், நெரிசலுக்குப் பயந்து முன்னதாகக் கிளம்பியவர் தூங்கி எழுந்து நிதானமாகக் கிளம்புகிறார், இன்னும் தள்ளி மலிவாக மனை வாங்கினால் என்ன என்று ஒரு குடும்பம் யோசிக்கிறது. அந்தக் கடைசி ஆள்தான் முக்கியம், அவர் வாங்கிய மனைக்குப் பின்னாலேயே குழாயும் கம்பியும் பள்ளியும் போயாக வேண்டும்.

கேள்வி: அடுக்குமாடி கட்டும்போது வீட்டுக்கு ஒரு கார் நிறுத்தும் இடம் கட்டாயம் என்று விதி இருப்பது நல்லதுதானே? தெருவை அடைக்காமல் இருப்பார்களே?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால், நகரங்களை மாஸ்டர் பிளானைவிட அதிகம் மாற்றியது இந்த ஒரு விதிதான்.

கணக்குப் போடுவோம். ஒரு கார் நிற்க 2.5 மீட்டருக்கு 5 மீட்டர், அதாவது 12.5 சதுர மீட்டர். ஆனால் கார் வானத்திலிருந்து இறங்கி நிற்காது. உள்ளே வர, திரும்ப, வெளியே போக வழி வேண்டும், அதையும் சேர்த்தால் ஒரு காருக்கு 25 முதல் 30 சதுர மீட்டர் போய்விடும். ஒரு மனிதர் குடியிருக்கும் அளவு இடம். அதைக் கட்டும் செலவு வீட்டு விலையில் ஏறுகிறது, கார் வாங்கவே போகாதவரும் அதைக் கொடுத்துத்தான் வீட்டுக்குள் நுழைய முடியும்.

அப்புறம் தரைத்தளத்தைப் பாருங்கள். வெறும் தூண்களும் கார்களும். தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல் இல்லை, வாசல் இல்லை, இரவில் அந்தப் பக்கம் நடக்கவே யோசிக்க வேண்டியிருக்கும். மண் முழுவதும் மூடியாயிற்று, மழைத்தண்ணீர் இறங்க வழியில்லை. கார்களைத் தரைக்கு அடியில் தள்ளினால் அந்தப் பள்ளத்துக்கு எவ்வளவு கான்கிரீட் என்று பாருங்கள். உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறக்குறைய 8 சதவீதம் சிமென்ட் தொழிலிலிருந்து வருகிறது. பெரிய கடைகளும் அலுவலகங்களும் இதே விதிப்படி தங்களைச் சுற்றி மைதானம் போல இடம் விட, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தூரம் கூடி, நடந்து போக முடியாமல், கடைசியில் கார் வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்று ஆகிவிடுகிறது. காருக்காகப் போட்ட விதி காரை வாங்கவும் வைத்துவிட்டது.

டொனால்ட் ஷூப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதைப் பல பத்தாண்டுகள் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அமெரிக்காவின் பஃபலோ நகரம் 2017-இல் இந்தக் கட்டாயத்தை ஊர் முழுவதும் எடுத்துவிட்டது. அதே வருடம் மெக்சிகோ சிட்டி, குறைந்தது இத்தனை வேண்டும் என்பதை மாற்றி அதிகபட்சம் இத்தனைதான் என்றது. காருக்கு இடமே கூடாது என்பதில்லை. வேண்டியவர் காசு கொடுத்து வாங்கட்டும், வேண்டாதவர் தலையில் கட்டாதீர்கள் என்பதுதான். ஆனால் உங்கள் பயமும் நியாயம்தான். தெருவில் நிறுத்துவதற்குக் கட்டணமும் கண்காணிப்பும் வைக்காமல் இந்த விதியை மட்டும் எடுத்தால் எல்லாக் காரும் தெருவுக்குத்தான் வரும்.

கேள்வி: சைக்கிள் பாதை போட்டார்கள், ஒருவரும் ஓட்டவில்லை. பணம் வீண்தானே?

அந்தப் பாதை அடுத்த சந்திப்பு வரைக்கும் போகிறதா, அதற்கு முன்பே முடிந்துவிடுகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். ஆற்றில் பாதி தூரத்துக்குக் கட்டிய பாலத்திலும் கூட்டம் இருக்காது.

கேள்வி: வானளாவிய கட்டடங்கள் நிலத்தை மிச்சப்படுத்துகின்றன, அப்படியானால் அவைதான் பசுமையா?

நெருக்கம் வேறு, உயரம் வேறு. ஆட்கள் நெருங்கி வாழ்ந்தால் பஸ் கட்டுப்படியாகும், குழாய் நீளம் குறையும், கடை பக்கத்தில் இருக்கும். அந்த நெருக்கத்தை ஐந்தாறு மாடியிலேயே கொண்டுவந்துவிடலாம், பாரிஸ் அப்படித்தான் இருக்கிறது. அதற்கு மேல் போகப் போக, காற்றைத் தாங்க இரும்பும் கான்கிரீட்டும், மேலே தண்ணீர் ஏற்ற மின்சாரமும், லிஃப்ட்டும் சேர்ந்துகொண்டே போகும். நிலம் கொள்ளை விலை விற்கும் இடத்தில் உயரம் தவிர்க்க முடியாதது, சரி, அதற்குப் பசுமை என்று பெயர் வைக்க வேண்டாம்.

கேள்வி: வெள்ளத்துக்குத் தீர்வு பெரிய வடிகால்தானே? பூங்காவையும் குளத்தையும் ஏன் இழுக்கிறார்கள்?

2011 ஜூலை 2-ஆம் தேதி டென்மார்க்கின் கோபன்ஹேகனில் சில பகுதிகளில் இரண்டு மணி நேரத்துக்குள் 150 மில்லிமீட்டர் அளவுக்குக் கொட்டித் தீர்த்தது. அந்த மழையைத் தாங்கும் குழாயை ஊர் முழுவதும் புதைக்க முடியும், ஆனால் அதற்கு எல்லாத் தெருவையும் தோண்ட வேண்டும், வருடத்தில் மற்ற நாள்களில் அது சும்மா கிடக்கும். அதனால் அடுத்த வருடம் அவர்கள் போட்ட திட்டத்தில், பூங்காவைக் கொஞ்சம் தாழ்த்தி மழை நேரத்தில் குளமாக்குவது, சில தெருக்களையே கால்வாய் மாதிரி சரித்துத் தண்ணீரைத் துறைமுகத்துக்கு ஓட்டுவது, தேவைப்பட்ட இடத்தில் மட்டும் குழாயும் சுரங்கமும் என்று கலந்து வைத்தார்கள்.

இதற்கும் எல்லை உண்டு. சீனாவில் தண்ணீரை உறிஞ்சும் ‘பஞ்சு நகரம்’ என்று பெரும் பணம் செலவழித்த நகரங்களில் ஷெங்ஷோவும் ஒன்று. 2021 ஜூலை 20-ஆம் தேதி அங்கே ஒரே மணி நேரத்தில் 201.9 மில்லிமீட்டர் பெய்தது. சுரங்க ரயிலுக்குள் தண்ணீர் புகுந்து உயிர்கள் போயின. எந்தப் பஞ்சும் அதைக் குடிக்காது. அப்படிப்பட்ட நாளில் ரயிலை எப்போது நிறுத்துவது, யார் உத்தரவு போடுவது என்பதுதான் உயிர் காக்கும், அதையும் நகரமைப்பில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: எங்கள் பக்கம் பூங்கா வந்தது, வாடகை ஏறியது, காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இதுதான் பசுமை வளர்ச்சியா?

நீங்கள் சொல்வதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணமே உண்டு. நியூயார்க்கில் கைவிடப்பட்ட உயர்மட்ட ரயில்பாதையைத் தோட்டமாக்கி 2009-இல் ஹை லைன் என்று திறந்தார்கள். அழகான இடம்தான். சுற்றிலும் மனை விலை எகிறி, ஆடம்பரக் குடியிருப்புகள் முளைத்தன. பூங்காவைக் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டுக் கொள்கை இல்லாமல் தனியாக வரும் பூங்கா வீட்டுக்காரருக்குத்தான் லாபம். வியன்னாவில் பாதிக்கும் மேற்பட்டோர் நகராட்சியின் வீடுகளிலோ அரசு மானியம் பெற்ற வீடுகளிலோ இருக்கிறார்கள், அங்கே பக்கத்தில் மரம் நட்டால் வாடகை ஏறுமே என்று பெரும்பாலோர் பயப்பட வேண்டியதில்லை.

கேள்வி: இருக்கிற நகரத்தைத் திருத்துவதைவிடப் புதிதாக ஒன்று கட்டிவிடலாமே?

அபுதாபி மஸ்தார் நகரத்தை 2006-இல் அறிவித்து, 2016-க்குள் கரியமில வாயு வெளியேற்றாத ஊராக்குவோம் என்றது. கெடு 2030-க்குத் தள்ளிப்போனது. இத்தனைக்கும் அங்கே எண்ணெய்ப் பணமும் காலி நிலமும் இருந்தன.

கேள்வி: கட்டணம், கட்டுப்பாடு என்று எதைக் கொண்டுவந்தாலும் மக்களே எதிர்க்கிறார்களே?

ஆமாம், தொடக்கத்தில். சுவீடனின் ஸ்டாக்ஹோமில் ஊருக்குள் நுழையும் வண்டிகளுக்கு நெரிசல் கட்டணம் என்றபோது பெரும்பாலோர் எதிர்த்தார்கள். அதனால் 2006 ஜனவரியிலிருந்து ஜூலை வரை சோதனையாக மட்டும் வைத்தார்கள், அதற்கு முன்பே கூடுதல் பஸ்களையும் இறக்கியிருந்தார்கள். போக்குவரத்து ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. சோதனை முடிந்ததும் கட்டணம் நின்றது, வண்டிகளும் திரும்பி வந்தன. செப்டம்பரில் வாக்கெடுப்பு வைத்தால் நகரவாசிகள் சிறிய பெரும்பான்மையில் வேண்டும் என்றார்கள், 2007-இல் நிரந்தரமானது. சோதனையை நிறுத்திக் காட்டினார்கள் பாருங்கள், எனக்குப் பிடித்தது அதுதான். வித்தியாசத்தை ஜனங்கள் சொந்தத் தெருவில் பார்த்துவிட்டு ஓட்டுப் போட்டார்கள். அறிக்கை அச்சடித்துக் கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது.

கேள்வி: நான் சாதாரண ஆள். எதைக் கவனித்தால் உபயோகம்?

மாஸ்டர் பிளான் முழுவதையும் படிக்க உட்காராதீர்கள், தூக்கம்தான் வரும். நிலப் பயன்பாட்டு மாற்ற அறிவிப்புகளைப் பாருங்கள். திறந்தவெளி என்றோ நீர்நிலை என்றோ நிறம் தீட்டிய துண்டு, ஒரு சின்ன அறிவிப்பில் குடியிருப்பாக மாறும். பெரிய திட்டங்கள் கரைவது இப்படித்தான், ஒவ்வொரு சர்வே எண்ணாக. அடுத்தது பட்ஜெட். மேம்பாலத்துக்கு எவ்வளவு, நடைபாதைக்கும் பஸ்ஸுக்கும் எவ்வளவு என்று இரண்டு வரியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முன்னுரை என்ன சொல்லியிருந்தாலும் நிஜமான திட்டம் தெரிந்துவிடும். ஆட்சேபம் தெரிவிக்கக் கெடு தேதி போட்டிருப்பார்கள். அதற்குள் எழுத்தில் கொடுங்கள், நாலு பேராகச் சேர்ந்து கொடுத்தால் நல்லது, பெற்றுக்கொண்டதற்கு நகலில் முத்திரை வாங்காமல் வராதீர்கள்.